நாவாய் அருங்காட்சியகத்தில் எங்கள் தகரப் பெட்டிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மாநில வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து அதைப் பற்றிக் கண்ணில் படும் செய்தியை எல்லாம் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்து வருகிறேன். அழகன்குளத்தில் கிடைத்த ரோமானியப் பானை ஓடுகள், பெரியபட்டினத்துச் சீனப் பீங்கான், கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்கள், மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் என்று பலரும் பலவற்றை எழுதுகிறார்கள். எல்லாம் வைக்க வேண்டியவைதான். மறுப்பில்லை. ஆனால் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாரும் முத்து வணிகர்கள் அல்லர். தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கில் போன கூலிச் சனங்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு ஓர் அறையாவது உண்டா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. உச்சிப்புளியில் வசிக்கிறேன். இந்தக் கேள்வி என் மனத்தில் நெடுநாளாகக் கிடந்ததுதான். ஆனால் அதை எழுத்தில் கேட்கும் துணிவு எனக்கு வந்தது உலகத்தின் மறுகோடியில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில்.

நாவாய் அறிவிப்பு வந்த அடுத்த மாதமே மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக நான் அங்கே போக நேர்ந்தது. மருமகன் பாயிண்ட் லீசாஸ் என்னும் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். மூன்று விமானங்கள் மாறிப் போய் இறங்கினேன். தென்னை, முருங்கை, மாமரம், வாசலில் செம்பருத்தி. நம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று முதல் இரண்டு நாட்கள் திகைப்பாகவே இருந்தது. பேத்தி பிறந்து, மகள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் என்னை ஒவ்வோர் இடமாக அழைத்துச் சென்றார். பக்கத்து வீட்டு அம்மையாரும் துணைக்கு வருவார். எழுபது வயதைக் கடந்தவர். அவர்கள் குடும்பப் பெயர் ‘மூட்டூ’. நம் முத்துதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. பெருமாள் ‘பெர்மெல்’ ஆகியிருக்கிறார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆகியிருக்கிறார். அந்த அம்மையாருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் தங்கள் குடும்பம் ‘மதராசி’க் குடும்பம் என்பதையும், பாட்டி காளிக்குப் பூசை போட்டவர் என்பதையும் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

டிரினிடாடுக்கு முதல் இந்தியக் கூலிக் கப்பல் 1845ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி வந்தது. ‘ஃபாடெல் ரசாக்’ என்பது கப்பலின் பெயர். கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 225 பேரைக் கொண்டுபோய் இறக்கியது. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை வரவழைத்தார்கள். 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் வடநாட்டார். மதராஸிலிருந்தும் சில கப்பல்கள் சென்றன. மே 30 அந்த நாட்டில் அரசு விடுமுறை. இந்தியர் வந்திறங்கிய நாள் என்றே அதற்குப் பெயர். 180ஆம் ஆண்டு என்பதால் நான் இருந்த சமயம் ஊரே விழாக்கோலம் பூண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேட்டி கட்டி, தலையில் துணி மூட்டை வைத்து, கப்பலிலிருந்து இறங்குவதுபோல நடித்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்க வம்சத்துப் பிள்ளைகளும் மூட்டை சுமந்து வந்தார்கள். கூலியாக வந்த நாளை வெட்கப்படாமல், மறைக்காமல், நாட்டுக்கே விடுமுறை விட்டுக் கொண்டாடும் ஒரு தேசத்தை அன்றுதான் பார்த்தேன்.

மகள் வீட்டிலிருந்து காரில் சிறிது நேரத்தில் வாட்டர்லூ என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய்விடலாம். அங்கே 2006இல் திறக்கப்பட்ட இந்திய கரீபியன் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய மாளிகை என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுக்குக்கூட அது தோன்றவில்லை. உள்ளே இருப்பவையும் பொன்னோ வைரமோ அல்ல. மண் அடுப்பு, அம்மி, திருகை, பித்தளைச் செம்பு, ரொட்டி தேய்க்கும் பலகை, டோலக், கரும்பு வெட்டும் கத்தி, பெண்கள் சேர்த்த வெள்ளிக் காசுகளை உருக்கிச் செய்த காப்புகள். எல்லாம் வீடு வீடாகப் பெற்றுச் சேர்த்தவை போலவே தோன்றின. திருகைக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். அதன் மேல்கல்லில் கைபட்டுத் தேய்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அம்மையார் என் தோளைத் தொட்டு, “எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது, கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கப் போட்டுவிட்டார்கள்” என்றார். மருமகன் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் உச்சிப்புளி வீட்டின் கொல்லையில், மாடு கட்டும் முளைக்குப் பக்கத்தில் என் அப்பத்தாவின் அம்மி கிடக்கிறது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கழுவி உள்ளே எடுத்து வைத்தேன்.

அந்தக் காட்சிக்கூடத்தில் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டேன். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் ‘ஜஹாஜி பாய்’ என்று அழைத்தார்களாம். கப்பல் சகோதரன் என்று பொருள். சாதி கடந்து, ஊர் கடந்து, கூடப்பிறந்தவர்களாகவே நடத்தினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேசுவதைக்கூடத் தவிர்த்தார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் ‘கப்பல் சித்தப்பா’ என்று ஒருவர் இருந்தார். என் தந்தைக்கு எந்த வகையிலும் இரத்த உறவு இல்லை. வேறு தோட்டம், வேறு சாதி. இலங்கையிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கியவர். எனக்குத் தாலிக்குப் பொன் உருக்கும்போது பக்கத்தில் நின்றவர் அவர்தான். அந்த உறவுக்கு ஒரு தீவே பெயர் வைத்திருக்கிறது என்று தெரியாமல் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே கடலுக்குள் ஒரு கோயில். இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தேவிபட்டினத்துக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். சிவதாஸ் சாது என்பவர் சிறுவயதில் பெற்றோருடன் இந்தியாவிலிருந்து வந்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். 1947இல் அந்தக் கரையில் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனிக்குச் சொந்தம். ஐந்து ஆண்டுகள் கழித்துக் கோயிலை இடிக்கச் சொன்னார்கள்; அவர் மறுத்தார். கோயில் இடிக்கப்பட்டது. அவருக்கு 14 நாள் சிறை, அதற்கு மேல் அபராதமும். வெளியே வந்தவர், நிலம்தானே உங்களுடையது, கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று கடலுக்குள் கட்டத் தொடங்கினார். நீர் வற்றும் நேரம் பார்த்து, கல்லும் சிமெண்டும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சேற்றில் இறங்கி, தனி ஆளாகத் தம் கடைசிக் காலம்வரை கட்டிக்கொண்டே இருந்தார். அலை அரித்த அந்தக் கோயிலை, இந்தியர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1994, 95இல் எடுத்துக் கட்டி, கரையிலிருந்து நடந்து போகப் பாதையும் அமைத்தார்கள். சாதுவுக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சுடுகாட்டுத் துறை; நான் போன அன்றும் ஒரு குடும்பம் அங்கே அஸ்தி கரைக்க வந்திருந்தது. தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்களைச் சுற்றி இடுப்பளவு நீரில் நின்று முன்னோருக்குச் செய்கிறோமே, அந்தக் காட்சியே கண்முன் வந்தது. அதே உப்புக் காற்று. அதே போன்று அலையில்லாத, கலங்கலான கரைக்கடல். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் பார்த்த கோட்டையும் பழைய மாளிகைகளும் அழகானவைதான். காராபிச்சைமாவில் 85 அடி உயர அனுமார் சிலையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடமில்லை.

நெல்சன் தீவைப் பற்றி எழுத வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே கடலில் சில குட்டித் தீவுகள் கூட்டமாக இருக்கின்றன. நம் குருசடைத் தீவைப் பார்ப்பதுபோலக் கரையிலிருந்தே பார்க்கலாம். அவற்றில் ஒன்று நெல்சன். 1866 முதல் 1917 வரை வந்த இந்தியக் கூலிகளை நேராகத் தோட்டத்துக்கு அனுப்பாமல் முதலில் இந்தத் தீவில்தான் இறக்கினார்கள். மருத்துவர் பார்ப்பார். நோய்ப்பட்டவர்களை நிறுத்தி வைப்பார்கள். மற்றவர்களுக்குச் சில நாட்கள் சோறு போட்டு, தேறியதும் எந்தத் தோட்டத்துக்கு யார் என்று பிரித்து அனுப்புவார்கள். அங்குள்ள பழைய கட்டடம் 1802இல் எழுந்தது, அடிமைகள் கட்டியது. அடிமைகள் கட்டிய சுவருக்குள் கூலிகள் வந்து படுத்தார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளை அங்கே அடைத்தார்கள். 1937ஆம் ஆண்டு எண்ணெய்த் தொழிலாளர் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய தலைவர் யூரியா பட்லரையும் போர்க்காலத்தில் அங்கேதான் சிறை வைத்தார்கள். இப்போது தேசிய அறக்கட்டளை அமைப்பு அந்தத் தீவைப் பராமரிக்கிறது. படகில் அழைத்துப் போய், ஒருவர் கூடவே நடந்து எல்லாவற்றையும் விளக்குகிறார்.

படகிலிருந்து இறங்கியதும் என் கால் நடுங்கியது. நான் வயதானவள் என்று எண்ணி அம்மையார் என்னைத் தாங்கிப் பிடித்தார். வயதல்ல காரணம். வழிகாட்டி சொல்லச் சொல்ல, மருமகன் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே வரிசையில் நிற்பார்கள், இங்கே உடம்பைச் சோதிப்பார்கள், இங்கே சோறு சமைப்பார்கள், இங்கே பெயர் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நான், “போதும் தம்பி, இதற்கு மேல் எனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் நான் மண்டபம் முகாமில் இருந்தவள்.

இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், 1965இல் பிறந்தேன். என் தாத்தாவும் அப்பத்தாவும் முதுகுளத்தூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது கங்காணியோடு போனவர்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த எண்ணிக்கையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். 1974இல் தோட்டத்தை விட்டுக் கிளம்பினோம். கோச்சி புறப்பட்டபோது ஸ்டேஷனில் எழுந்த அழுகைச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. தோட்டத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து மண்டபம் முகாம். எனக்கு ஒன்பது வயது. நீளமான கொட்டகைகள், மணல், நாக்கில் உப்புக் கரித்த தண்ணீர், குடும்ப அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்ற அப்பா. மலைக்குளிரில் பழகிய எங்களுக்கு அந்த வெயில் தாங்கவில்லை. கம்பளியைக் கொட்டகை வாசலில் கட்டி நிழல் செய்துகொண்டாள் அம்மா.

அப்பத்தா மட்டும் அழவில்லை. கொட்டகைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, “இங்கேதான் என்னைக் குளிப்பாட்டினார்கள்” என்றாள்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கு ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் மண்டபம் முகாமைக் கடந்துதான் போனார்கள். இந்திய மண்ணில், இலங்கை அரசின் பொறுப்பில் இருந்த முகாம் அது. காலராவும் அம்மையும் தோட்டத்துக்கு வந்துவிடக்கூடாது என்று இங்கே சில நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். அம்மை குத்துவார்கள். குளிக்கச் சொல்லி, உடுத்தியிருந்த துணிகளை நீராவியில் வைத்து எடுப்பார்கள். வெந்து வந்த சேலையின் வாசம் தன் மூக்கை விட்டுப் போகவே இல்லை என்று அப்பத்தா சொல்வாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்தத் தோட்டத்துக்கு யார் என்று தெரிவதற்காக எண் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பும் முறையும் இருந்தது. ரயிலும் முகாமும் வருவதற்கு முன்னால், காப்பித் தோட்டக் காலத்தில் போனவர்களின் கதை இன்னும் கொடியது. இந்தக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 1939இல் இந்திய அரசு தொழிலாளர்கள் போவதற்குத் தடை விதித்த பிறகுதான் அந்தப் போக்கு நின்றது.

ஆக, எங்கள் அப்பத்தா போகும்போதும் அதே முகாம், வரும்போதும் அதே முகாம். எங்களுக்குப் பின்னால் 1983க்குப் பிறகு போரில் தப்பி வந்தவர்களுக்கும் அதே முகாம். இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு நூற்றாண்டு வரலாறு ஒரே வேலிக்குள் கிடக்கிறது. முகாமின் ஒரு பகுதிக்கு 1949இல் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கடலாமைக்கும் பவளத்துக்கும் அங்கே காட்சிக்கூடம் உண்டு, பிள்ளைகளை நானே சுற்றுலாவாக அழைத்துப் போயிருக்கிறேன். ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் ‘மண்டபம் கேம்ப்’ என்ற ஸ்டேஷன் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகிறார்கள். அது என்ன கேம்ப் என்று என் வகுப்பில் கேட்டபோது, ஒரு பிள்ளை ராணுவக் கேம்ப் என்றது, இன்னொன்று என்.சி.சி. கேம்ப் என்றது. பிள்ளைகள் மேல் தவறில்லை. அங்கே ஒரு கல்வெட்டு உண்டா, ஒரு பலகை உண்டா? ஊரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல எதையும் நாம் வைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனேன். “அது அகதி முகாம் அம்மா, அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நெல்சன் தீவில் சுற்றுலாப் படகிலிருந்து இறங்கி, இடிந்த சுவர்களையும் சமையல் நடந்த இடத்தையும் கைகட்டி நின்று பார்த்த மனிதர்களைக் கண்டபோது பதில் கிடைத்தது. அங்கேயும் பார்ப்பதற்கு அழகாக ஒன்றுமில்லை. தங்கள் பாட்டன் பாட்டி நின்ற இடம் என்பதற்காகவே பணம் கட்டிப் படகேறி வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுக்காரர்கள் கல்லையும் பானையையும் மட்டும் காக்கவில்லை, காகிதத்தைக் காத்தார்கள். ஒவ்வொரு கூலிக்கும் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு, வந்த கப்பல் என்று எழுதிய பதிவுகள் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலி ஆவணங்களை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றைக் கொண்டுதான் நான்கு தலைமுறை கழித்தும் பேரன் பேத்திகள் ஊர் தேடி வருகிறார்கள். டிரினிடாட் பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசர் 2012இல் பீகாரில் பக்சர் மாவட்டத்துப் பேலுபூர் கிராமத்துக்கு வந்து, தம் முன்னோர் ஊரில் நின்று கண்ணீர் விட்டதை நாம் எல்லாரும் செய்தியில் பார்த்தோம். பக்கத்து வீட்டு அம்மையார் தம் முப்பாட்டனின் பதிவு நகல் ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருக்கிறார். ‘இடது புருவத்தில் தழும்பு’ என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த மனிதரின் படம்கூட இல்லை. அந்தத் தழும்பு ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த முகம்.

எங்கள் தாத்தாவின் உயரம் எனக்குத் தெரியாது. அவர் நான் பிறப்பதற்கு முன்பே தோட்டத்தில் இறந்துவிட்டார்.

மொரீசியஸில் கூலிகள் இறங்கிய துறையை, ஆப்ரவாசி காட் என்ற பெயரில், 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். கல்கத்தாவில் கப்பலேறிய துறையருகே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி, கொழுந்துக் கூடையும், காலையில் ஆட்களைக் கூப்பிடும் பெரட்டு மணியுமாக வைத்துக் காத்து வருகிறார்கள். போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் நினைவு இருக்கிறது. புறப்பட்ட இந்தக் கரையில்தான் இல்லை.

ஆகவே அரசுக்கும் நாவாய் அருங்காட்சியகத்தைத் திட்டமிடுகிற அறிஞர்களுக்கும் உங்கள் வழியாக என் வேண்டுகோள். கூலிகளாகப் போனவர்களுக்கும், 1964 உடன்படிக்கையில் திரும்பியவர்களுக்கும் அங்கே தனிக் கூடம் ஒன்று வேண்டும். முத்துக் காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மூலையாக அல்ல. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் பழைய கோப்புகள் இருக்கின்றன. குடிபெயர்வு பற்றியவற்றின் நகல்களை அங்கே கொண்டுவந்து, பெயர் தேடி வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு மேசை போட வேண்டும். மண்டபம் முகாமில் எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களில் ஒன்றையாவது இடிக்காமல் பழுது பார்த்து, அதன் வாசலில் இது என்ன இடம் என்று எழுதி வைக்க வேண்டும். அங்கே இப்போது வாழும் குடும்பங்களை வேடிக்கை பார்க்க ஆள் வரக்கூடாது; இதை அழுத்திச் சொல்கிறேன். நான் அந்தக் கொட்டகையில் இருந்தபோது வேலிக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களின் கண்களை நான் மறக்கவில்லை. எந்தக் கட்டடம், எந்த வழி என்பதை அவர்களையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தைப் பற்றிப் பேச அவர்களை விட உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை.

இன்னும் அவசரமானது ஒன்று உண்டு. கப்பலில் திரும்பி வந்த தலைமுறை மறைந்துகொண்டே இருக்கிறது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், நூற்பாலைகளுக்குப் போனவர்கள், எங்கள் அப்பாவைப் போல வியாபாரக் கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைத்தவர்கள் எனத் தமிழகம் எங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். கப்பல் சித்தப்பா சென்ற தை மாதம் காலமாகிவிட்டார். தலைமன்னாரில் கப்பலேறும்போது தன் தோட்டத்து மண்ணை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கதையை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட நான் அதைப் பதிவு செய்து வைக்கவில்லை. கட்டடம் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், பேச்சைப் பதிவு செய்யும் வேலையை இன்றே தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூலி வேண்டாம், வழிமுறை மட்டும் சொல்லிக் கொடுங்கள், நாங்கள் வீடு வீடாகப் போகிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் கப்பலில் கொண்டுவந்த பச்சை நிறத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண் பாதி அழிந்திருக்கிறது. அப்பாவின் குடும்ப அட்டை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் அவருடைய கவ்வாத்துக் கத்தி. கொட்டகை வாசலில் அம்மா நிழலுக்குக் கட்டிய கம்பளி. அப்பத்தாவின் அம்மி. இவற்றை எல்லாம் எந்த விலையும் இல்லாமல் நாவாய் அருங்காட்சியகத்துக்குத் தருகிறேன். பெட்டியின் பூட்டு துருப்பிடித்திருந்தாலும் திறக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உச்சிப்புளி,
ராமநாதபுரம் மாவட்டம்.